எங்கள் தெருவில் எடுத்த கணக்கை எங்கள் தெருவுக்கும் சொல்லுங்கள்

வேலூர் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும், துணை மேயர் அவர்களுக்கும், அறுபது வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வரியைக் குறைக்கச் சொல்லியோ, தெருவிளக்கு கேட்டோ இந்த மடலை எழுதவில்லை. ஒரே ஒரு எண்ணை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். அதை உங்கள் கூட்டத்தில் ஒரு முறை உரக்க வாசியுங்கள். அந்த எண் 1,173.

அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2017 முதல் 2020 வரை டெல்லி, கொல்கத்தா, வேலூர் ஆகிய மூன்று நகரங்களிலும், புனே பக்கத்துக் கிராமப்புறத்திலும் ஆறு மாதக் கைக்குழந்தை முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நான்கு இடத்திலும் சேர்த்து சுமார் 24,000 பிள்ளைகள். காய்ச்சல் மூன்று நாள் விடாமல் அடித்தால் ரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்தார்கள். முடிவு 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. ஒரு லட்சம் பிள்ளைகளை ஓராண்டு கவனித்தால் எத்தனை டைபாய்டு என்பது கணக்கு. புனே கிராமத்தில் 35. டெல்லியில் 576. வேலூரில் 1,173.

லட்சத்துக்கு 100-ஐத் தாண்டினாலே டைபாய்டு அதிகமுள்ள இடம் என்று உலக அளவில் வகைப்படுத்துகிறார்கள். நாம் அதைப் போல பதினொரு மடங்குக்கும் மேலே நிற்கிறோம். அதோடு, கல்ச்சர் பரிசோதனை பத்து டைபாய்டு வந்தால் சுமார் ஆறைத்தான் பிடிக்கும், நான்கு நழுவிவிடும். ஆக 1,173 என்பதே கையில் சிக்கியவற்றின் எண்ணிக்கைதான்.

கொல்கத்தாவும் நமக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கிருந்து ரயிலேறி வைத்தியத்துக்காக வந்து இறங்குகிறவர்களைக் காட்பாடி ஸ்டேஷனில் நாள்தோறும் பார்க்கிறோம். காந்தி ரோட்டு லாட்ஜ்களில் பெயர்ப்பலகையே வங்காளத்தில் எழுதியிருக்கிறது. டைபாய்டுக் கணக்கில் உங்கள் ஊரைவிட எங்கள் ஊர் மோசம் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்வு நடந்த பகுதிகள் நெருக்கமான, வருமானம் குறைந்த வீதிகள். வேலூர் முழுவதுக்கும் இதே எண் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தெருத்தெருவாகத் தோண்டிப் பாதாளச் சாக்கடைக் குழாய் இறக்கியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். தோண்டிய பள்ளத்தில் வண்டியோடு விழுந்தும் பார்த்தோம். அதனால் எண் இறங்கியிருக்கலாம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். அப்படியானால் அளந்து சொல்லுங்கள் என்பேன். இறங்கியிருந்தால் முதலில் கைதட்டுகிறவன் நானாக இருப்பேன்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் மருத்துவ அறிவுக்குக் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. போலியோ சொட்டு மருந்தை மூன்று தவணை கொடுத்தால் மேலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்தபோது, நம் பிள்ளைகளுக்கு அது போதவில்லை என்று 1970-களிலேயே வேலூரிலிருந்து எடுத்துக் காட்டியவர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கிருமியியல் வல்லுநர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். 2002-ல் தொடங்கி ராம்நாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா வீதிகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து பதிவு செய்து, அவர்களில் 373 பேரை மூன்று வயது முடியும்வரை பின்தொடர்ந்தார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒரு குழந்தையை எத்தனை முறை தொற்றுகிறது, அடுத்த முறை எவ்வளவு பாதுகாப்புக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. மெக்சிகோவில் இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கே வரவில்லை. நம் குழந்தைகளுக்கு மூன்று முறை வந்துபோன பிறகும் பாதுகாப்பு 79 சதவீதத்தில் நின்றது. 2011-ல் இது வெளியானது. பிறகு இந்தியாவிலேயே உருவான ரோட்டாவேக் மருந்தைப் பரிசோதித்த மூன்று ஊர்களில் ஒன்றும் வேலூர்தான். 2016-ல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இன்றைக்கு எந்த மூலையில் ஓர் அங்கன்வாடிக் குழந்தை அந்தச் சொட்டு மருந்தைச் சப்புக்கொட்டினாலும் அதில் நம் வீதிப் பிள்ளைகளின் பங்கு இருக்கிறது. எனக்கு இதில் பெருமைதான்.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்புகளுக்குள் இன்னொரு சேதி ஒளிந்திருக்கிறது. வாய்வழி கொடுக்கும் மருந்து நம் பிள்ளைகளிடம் ஏன் முழு வேகத்தில் வேலை செய்வதில்லை? ரோட்டாவேக்கும் கடும் வயிற்றுப்போக்கைப் பாதிக்குச் சற்று மேல்தான் தடுத்தது. இதற்குக் காரணங்கள் பல. பிறந்த சில வாரங்களிலேயே நம் பிள்ளைகளின் குடலில் ஏதேதோ கிருமிகள் குடியேறிவிடுவது அவற்றில் முக்கியமானது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது நல்ல மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாலும் சாக்கடை நம்மை முந்திக்கொள்கிறது.

சாக்கடைக்கு வருகிறேன். இந்த மடலின் பாதி அதைப் பற்றித்தான்.

எட்டு நாடுகளில் ஒரே சமயத்தில் நடந்த மால்-எட் என்ற குழந்தை ஆய்வுக்கு இந்தியாவில் எடுத்துக்கொண்ட ஒரே ஊர் வேலூர். அந்தப் பிள்ளைகளின் வீதிகளை வைத்து 2017-லும் 2019-லும் இரண்டு கட்டுரைகள் வந்தன. முதலாவது, வீட்டில் கழிப்பறை இருந்த பிள்ளைகளுக்குப் பாக்டீரியா தொற்றும் ஒட்டுண்ணித் தொற்றும் குறைவு. வைரஸ் தொற்றும் வயிற்றுப்போக்கும் குறையவில்லை என்றது. ஏன் என்று பார்த்தால், அங்கிருந்த கழிப்பறைகளில் பெரும்பாலானவை தொட்டியோ பாதாளச் சாக்கடையோ இல்லாமல் நேராகத் திறந்த கால்வாயில் விடப்பட்டிருந்தன. கழிப்பறை கட்டியாகிவிட்டது என்று கணக்கில் ஏறிவிடும். மலம் வாசலில்தான் ஓடும். இரண்டாவது கட்டுரை, அந்தக் கால்வாய் பொங்கித் தெருவில் ஏறும் இடங்களில் இருந்த குழந்தைகளுக்குக் குடல் தொற்று கூடுதல் என்றது. மழைக்காலத்தில் நம் தெருக்களில் நடந்தவருக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். வேண்டும். 'நாறுகிறது' என்று நாங்கள் சொன்னால் அது புகார். 'தொற்று கூடுகிறது' என்று அவர்கள் அளந்து சொன்னால் அது பட்ஜெட்டில் ஒரு வரிக்கான ஆதாரம்.

அந்தத் தொற்று பேதியாகி நிற்பதோடு முடிவதில்லை. வெளியே தெரியாமல் குடலிலேயே தங்கும் கிருமி பிள்ளையின் உயரத்தைத் தின்கிறது. அதே வேலூர்ப் பிள்ளைகளைப் பள்ளி வயதில் மறுபடி சோதித்தபோது, சின்ன வயதில் வயதுக்கேற்ற உயரமில்லாமல் போனவர்கள் அறிவுத்திறன் சோதனையிலும் பின்தங்கியிருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சொன்னதையே திரும்பச் சொன்னாலும் பிடித்துக்கொள்ள முடியாத பிள்ளைகளில் எத்தனை பேரை 'மக்கு' என்று ஆசிரியர் ஓய்வறையில் பேசிக்கொண்டிருப்போம் என்று எண்ணிப் பார்த்தேன்.

இப்போது தண்ணீர். நம் ஊரில் தண்ணீர் எந்நேரமும் வருவதில்லை. விட்டுவிட்டு வருகிறது, வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். இந்த ஏற்பாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று 2004-லேயே வேலூர் வீடுகளில் எடுத்த ஓர் ஆய்வு இருக்கிறது. குழாயில் வரும்போதே தண்ணீரில் மாசு இருந்தது. பிடித்து வைத்த பிறகு மூன்றில் இரண்டு வீடுகளில் அது இன்னும் கூடியது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த வீடுகளில் மாசு குறைந்திருந்தது. நம் பாட்டிமார் தவலையையும் குடத்தையும் புளி போட்டுத் துலக்கித் தண்ணீர் பிடித்தது அழகுக்கு மட்டும் அல்ல போலிருக்கிறது. நாம் அவற்றை எடைக்குப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் குடத்துக்கு மாறினோம். பித்தளை இன்று விற்கிற விலையில் பீடி சுற்றும் வீட்டுக்குத் தவலை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தால்? அதையும் நம் ஊரிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்குக் கேன் தண்ணீர், இன்னொரு பகுதிக்கு வழக்கமான குழாய்த் தண்ணீர். இரண்டு வயதுவரை கவனித்ததில், கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இரண்டு பகுதியிலும் ஒன்றுபோலத்தான் தொற்றியது. 2013-ல் வெளியான முடிவு இது. குடிக்கிற தண்ணீரை மட்டும் காசு கொடுத்துச் சுத்தமாக வாங்கி, பாத்திரம் கழுவுகிற தண்ணீரும், கை கழுவுகிற தண்ணீரும், தவழ்கிற தரையும் பழையபடி இருந்தால் கிருமிக்கு வேறு வழி கிடைத்துவிடுகிறது. கேன் போடுகிறவர்களின் பிழைப்பைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. 'வசதி இருக்கிறவங்க கேன் வாங்கிக்கட்டும்' என்பது ஒரு மாநகராட்சியின் குடிநீர்க் கொள்கையாக இருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களில் பலர் இந்தத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் ஒரு வீட்டு வாசலை இங்கே வரைந்து காட்டுகிறேன். அழுத்தம் போதாமல் தண்ணீர் மேலே ஏறுவதில்லை. அதனால் வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே குழாயை வெட்டி வைத்திருக்கிறார்கள். குழியை மூட ஒரு கடப்பைக் கல். குழிக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு செங்கல் கனம் சுவர். அதுவும் காரை உதிர்ந்து ஈரம் பாய்ந்திருக்கும். கால்வாய் நிரம்பினால் குழியும் நிரம்பும், குழாய் வாய் அந்தத் தண்ணீருக்குள் மூழ்கும். சில வீடுகளுக்கான இணைப்புக் குழாய் கால்வாயைக் குறுக்கே கடந்தே வருகிறது. இணைப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருக்கும். தண்ணீர் விட்டிருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியும். வால்வை மூடியதும் குழாய் காலியாகும். அப்போது வெளியே நிற்பது உள்ளே போகும். அடுத்த முறை திறந்ததும் முதலில் வருவது அதுதான். 'மொதல் தண்ணி பிடிக்காதே' என்று எங்கள் தெருப் பெண்கள் பிள்ளைகளை அதட்டுவது இதனால்தான். பாடப்புத்தகம் இல்லாமலே கற்றுக்கொண்ட இயற்பியல்.

இதில் எங்கள் பங்கையும் மறைக்கக் கூடாது. குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறோம். ஒரு வீட்டு மோட்டார் இழுக்கும்போது பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குறைவதோடு, குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டை இருக்கும் இடமெல்லாம் சாக்கடையை உள்ளே இழுக்கிறது. அந்தச் சாக்கடை மோட்டார் வைத்தவர் வீட்டுத் தொட்டிக்கும் போகிறது. மோட்டாரைப் பறிமுதல் செய்ய ஆள் வந்தால் தெருவே கூடி மறிக்கும், நடுவில் கவுன்சிலரும் வந்து 'விடுங்கப்பா' என்பார். ஓட்டு கேட்டு மறுபடி அதே வாசலுக்குத்தானே வர வேண்டும்? உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் மோட்டார் உறிஞ்சுவது தண்ணீரோடு சேர்த்து டைபாய்டையும்தான் என்று யாராவது அந்தத் தெருவில் முதலில் சொல்லியிருந்தால், மறிக்கிறவர்களின் கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அதைத்தான் கேட்கிறேன்: சொல்லியிருந்தால்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, நனைத்த பீடி இலையைக் கத்தரியால் நறுக்கியபடியே கேட்டாள்: "சார், எம் புள்ளையாண்ட ரத்தம் எடுத்துனு போனாங்க. காச்ச வந்தப்போ நல்லா பாத்தாங்க, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இத்தினி பேராண்ட எடுத்தாங்களே, கடசியில எங்க தெருவுக்கு இன்னான்னு சொன்னாங்க?" அவள் பிள்ளையின் முடிவு அவளுக்குத் தெரியும். தெருவின் முடிவு தெரியாது. தெருவின் முடிவு ஆங்கிலத்தில், அயல்நாட்டு இதழில் இருக்கிறது. அதை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டியது ஆய்வு செய்தவர்களின் கடமை. அதை வைத்து எந்தத் தெருவில் முதலில் கடப்பாரை விழ வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியது உங்கள் கடமை.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இதே மாவட்டத்தில் இது ஒரு காலத்தில் நடந்தது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் NADHI என்ற பெயரில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை ஜேக்கப் ஜானும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கினார்கள். அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்று பாகுபாடில்லாமல், குறிப்பிட்ட சில நோய்கள் தங்களிடம் வந்தால் ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அட்டைகளைத் தொகுத்து, எங்கே என்ன நோய் கூடுகிறது என்று சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிப்பார்கள். மாதந்தோறும் ஒரு செய்தி மடலாக அச்சிட்டு, அட்டை போட்ட மருத்துவர்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கடைசிப் படிதான் முறையின் உயிர். நாம் எழுதியதை யாரோ படித்தார்கள், ஏதோ செய்தார்கள் என்று தெரிந்ததால் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதினார்கள். 1998-ல் லான்செட் இதழ் இதை வளரும் நாடுகளுக்கான முன்மாதிரி என்று வெளியிட்டது. கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் இதை எடுத்துக்கொண்டது. செல்பேசி இல்லாத காலத்தில் அஞ்சலட்டையை வைத்து நம் மாவட்டம் செய்ததை, வார்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும் காலத்தில் நம் மாநகராட்சி செய்ய முடியாதா?

அளந்தால் மாறும் என்பதற்கு நம் மாநிலத்திலிருந்தே ஒரு சான்று தருகிறேன். 2020-ல் மாநிலம் முழுக்க எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், பிபி உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது, சுகருக்கு 10.8. கேட்கவே கூசும் எண்கள். ஆனால் அவற்றை வெளியே வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது, மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் பிபி 17, சுகர் 16.7. இன்னும் ஆறில் ஐந்து பேர் கரையேறவில்லை என்பது வேறு விஷயம். அதே அளவுகோலை இரண்டாம் முறை வைத்துப் பார்த்ததால்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று பேச முடிகிறது.

அதே மாதிரி நம் குடிநீருக்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. குழாயின் கடைசி முனையில் பிடித்த தண்ணீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டியில் குளோரின் போட்டாயிற்று என்பது பதில் ஆகாது. தெருக்கோடி வீட்டுக் குழாயில் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. சாக்கடை எங்காவது கலந்தால் அது குளோரினைத் தின்றுவிடும், அளவு பூஜ்யத்துக்கு இறங்கும். எனவே குளோரின் அளவு என்பது குழாய் உடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனும்கூட. சுகாதார ஆய்வாளர்களிடம் குளோரோஸ்கோப் இருக்கிறது. சொட்டு மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளாகும் நிறத்தைப் பக்கத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு வார்டிலும் தண்ணீர் விடும் நாளில் கடைசி முனையில் எடுத்த அளவை, தேதி போட்டு, ஒரு கரும்பலகையில் எழுதி வையுங்கள். வால்வு திறக்கும் ஊழியரே எழுதலாம். ரேஷன் கடையில் இருப்பு எழுதுவது போல. பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதட்டும். பூஜ்யம் எழுதியதற்காக அந்த ஊழியரைக் கடிந்துகொள்ள மாட்டோம் என்று முதலில் நீங்கள் அவருக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லா வார்டிலும் எல்லா நாளும் 0.2 என்றே பலகையில் இருக்கும். முப்பது வருடம் மாணவர்களின் செய்முறைக் குறிப்பேட்டைத் திருத்தியவன், எனக்குத் தெரியும்.

2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அங்கே வருகிற மனுக்களில் பாதி குப்பை, பாதி தெருவிளக்கு. அடுத்த கூட்டத்தில் மாநகர் நல அலுவலர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, நான் மேலே சொன்ன ஆய்வுகளைத் தமிழில் விளக்கட்டும். ஆய்வு செய்த நிறுவனங்களையும் அழையுங்கள். ஊரைவிட்டு ஓடிப்போனவர்கள் அல்ல, தோட்டப்பாளையத்திலும் பாகாயத்திலும்தான் இருக்கிறார்கள். வரைபடத்தைச் சுவரில் மாட்டி, காய்ச்சல் அதிகம் வந்த வீதி எது, குழாய் கால்வாயைக் கடக்கும் இடம் எது என்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, அந்த இடங்களில் இணைப்பை மாற்றும் வேலையை முதலில் எடுங்கள். கவுன்சிலரின் செல்வாக்கைப் பொறுத்து வார்டுக்கு வேலை ஒதுங்குகிற வழக்கத்துக்கு இந்த வரைபடம் தோதாக இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

காய்ச்சலைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு நாள் காய்ச்சலுக்கே வைடால் டெஸ்ட் எடுத்து, 'டைபாய்டு இருக்கு' என்று ஊசியும் மாத்திரையும் கொடுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். வைடால் நம்பகமில்லாத சோதனை. டைபாய்டு அதிகமுள்ள ஊரில் இன்னும் நம்பகமில்லை, பழைய தொற்றையும் காட்டிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் மசிவதில்லை என்று டைபாய்டு ஆய்வுகள் காட்டியாயிற்று. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால், வைத்தியமும் சரியாகும், வார்டு வாரியாகக் கணக்கும் கிடைக்கும்.

தடுப்பூசி உங்கள் கையில் இல்லை. டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. நம் நாட்டு நிறுவனங்களே அதைத் தயாரிக்கின்றன. பாகிஸ்தான் 2019-லும், நேபாளம் 2022-லும் தங்கள் பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்துவிட்டன. நம் நாட்டின் நிபுணர் குழுவும் 2022-ல் பரிந்துரை செய்தது. வேலூரின் எண்ணைச் சுட்டிக்காட்டி, முதலில் எங்கள் ஊருக்கு வேண்டும் என்று மாமன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி மாநில அரசுக்கு அனுப்ப உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஊசி வந்துவிட்டால் குழாயை மறந்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு ஊசி இல்லை. மஞ்சள்காமாலையும் பேதியும் அதே ஓட்டை வழியாகத்தான் வருகின்றன.

கடைசியாக ஒன்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பி என்று உண்டு. 1980-களில் குவாலியரில் நம் விஞ்ஞானிகள் உருவாக்கியது. தண்ணீரை ஊற்றி மூடி, ஒருநாள் இரண்டு நாள் வெப்பமான இடத்தில் வைத்தால், மலக்கிருமி கலந்திருக்கும் தண்ணீர் கன்னங்கரேலென்று மாறும். வேலூர் வெயிலில் தனியாக வெப்பம் வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே பிழையில்லாமல் செய்வார்கள். நானும், என்னைப் போல ஓய்வு பெற்ற சில அறிவியல் ஆசிரியர்களும் பள்ளி அறிவியல் மன்றப் பிள்ளைகளோடு வார்டு வார்டாக இதைச் செய்யத் தயாராக இருக்கிறோம். கூலி வேண்டாம். குப்பிகளை மாநகராட்சி வாங்கித் தரட்டும். தண்ணீர் விடும் நேரப் பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள். கறுத்த குப்பி எந்தத் தெருவுடையதோ அந்தத் தெருவின் பெயரை மறைக்காமல் பகுதி சபையில் வாசிக்க அனுமதியுங்கள். எந்த வார்டில் தொடங்கலாம் என்று நீங்கள் சொன்னால் அடுத்த தண்ணீர் நாளிலேயே வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
கொசப்பேட்டை, வேலூர்.